ரெடிஸ்: யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் (ஒரு நிகழ்வு ஆய்வு)

ஓப்பன் சோர்ஸை, அதாவது நிரலை யாரும் பார்த்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்த மென்பொருளை, வைத்துத் தொழில் நடத்துபவர்கள் ஊரார் உழைப்பைக் காசாக்குகிறார்கள் என்று ஒரு கட்சி. அவர்கள் சம்பளம் போட்டு ஆள் வைக்காவிட்டால் இந்த மென்பொருளெல்லாம் இரண்டு வருடத்தில் பாசி பிடித்துவிடும் என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நின்று நானே வாதாடியிருக்கிறேன், அன்றைக்கு எந்த மென்பொருள் என் தூக்கத்தைக் கெடுத்தது என்பதைப் பொறுத்து. பொதுவாகப் பேசிக்கொண்டே இருந்தால் இது தீராது, ஒரே ஒரு திட்டத்தை எடுத்து அதில் யார் எப்போது எதைக் கொடுத்தார்கள், எதை எடுத்தார்கள் என்று வரிசையாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. எடுத்துக்கொண்டது ரெடிஸ். தரவை டிஸ்க்கில் தேடாமல் நினைவகத்திலேயே வைத்து மிக வேகமாகத் தரும் டேட்டாபேஸ் அது. லாகின் செய்தபின் உங்களை நினைவு வைத்துக்கொள்ளும் இடத்திலும், வரிசையில் காத்திருக்கும் பின்னணி வேலைகளிலும் பல சேவைகளில் ஓடுவது இதுதான். இதன் கதையில் தொழில்முனைவோர் ஐந்தாறு வேடங்களில் வருகிறார்கள். முதல் வேடம், உருவாக்கியவரே.

தலைவலிதான் முதல் முதலீடு

சால்வடோரே சான்ஃபிலிப்போ, இத்தாலியின் சிசிலியைச் சேர்ந்த புரோகிராமர். 2009க்கு முன் அவர் நடத்திய சின்ன சேவை ஒன்று உண்டு; லாக் என்ற சொல்லின் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுதினால் வருவது அதன் பெயர். உங்கள் தளத்தில் ஒரு துண்டு ஸ்கிரிப்ட் வைத்தால், இப்போது யார் வந்திருக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை அந்த நொடியிலேயே காட்டும். பின்னால் இருந்தது மைஎஸ்க்யூஎல் என்ற, டிஸ்க்கை நம்பும் டேட்டாபேஸ்.

சேவைக்குத் தேவைப்பட்டது ரொம்ப எளிமையான ஒரு காரியம். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பட்டியல், புதிய வருகை வந்தால் தலையில் சேர வேண்டும், பட்டியல் குறித்த நீளத்தைத் தாண்டினால் வாலில் இருப்பது விழ வேண்டும். இதை டிஸ்க்கை நம்பும் டேட்டாபேஸில் செய்தால் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு எழுதல், ஒரு அழித்தல், நடுவில் பார்வையாளருக்குக் காட்ட ஒரு படித்தல். சின்ன வாடகை சர்வரில் தளங்கள் கூடக்கூட மூச்சு திணறியது. பெரிய சர்வர் வாங்கக் காசு இருந்திருந்தால் ரெடிஸ் பிறந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அவர் டிசிஎல் மொழியில் சில நூறு வரியில் ஒரு மாதிரி எழுதிப் பார்த்தார், பட்டியல் முழுக்க நினைவகத்திலேயே இருந்தால் தலையில் சேர்ப்பதும் வாலை வெட்டுவதும் நொடியில் மிகச் சிறு பங்கில் முடிகிறது என்று தெரிந்ததும் சி மொழியில் திரும்ப எழுதினார். இன்றைக்கும் ரெடிஸில் இருக்கும் எல்புஷ், எல்ட்ரிம் கட்டளைகளை அடுத்தடுத்துப் போட்டால் அந்த வருகைப் பட்டியல் அப்படியே கிடைத்துவிடும்.

அந்தச் சேவை பெரிதாக ஓடவில்லை. 2014இல் மூடியே விட்டார். ஆனால் அதற்காகச் செய்த கருவியை 2009இலேயே பிஎஸ்டி உரிமத்தில் வெளியிட்டிருந்தார், எடு, மாற்று, விற்கவும் விற்றுக்கொள், என் பெயரையும் உரிமக் குறிப்பையும் மட்டும் விட்டுவை என்கிற ரகம் அது. தொழில்முனைவோர் சமூகத்துக்குப் பணம் கொடுக்கிறார்களா இல்லையா என்றே எல்லோரும் கேட்கிறோம், அவர்கள் முதலில் கொண்டுவருவது பிரச்சினையைத்தான். மாதச் செலவு எகிறுகிறது, வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்ற நெருக்கடியிலிருந்து வரும் பிரச்சினைக்குத் தனி முனை உண்டு. ஓய்வு நேரத்தில் யோசித்து உருவாக்கும் பிரச்சினைக்கு அது அரிதாகவே இருக்கும்.

21 ஜிபி ஐந்தான விதம்

வெளியான முதல் வருடத்திலேயே, நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன் பின்னணி வேலைகளை ரெடிஸ் பட்டியல்களுக்கு மாற்றி, அதற்காக எழுதிய ரெஸ்க்யூ என்ற கருவியையும் வெளியிட்டது. 2010இல் விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனம் சான்ஃபிலிப்போவுக்குச் சம்பளம் கொடுத்து, ரெடிஸை மட்டும் பார் என்று விட்டது. கொஞ்ச நாளில் பீட்டர் நோர்ட்ஹஸ் என்ற இன்னொரு முக்கியப் பங்களிப்பாளரும் அதே ஏற்பாட்டில் சேர்ந்தார்.

இந்த நோர்ட்ஹஸ் வழியாகத்தான் எனக்குப் பிடித்த சம்பவம் வருகிறது. 2011இல் இன்ஸ்டாகிராம் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 30 கோடி பழைய படங்களில், எந்த எண் படத்தை எந்தப் பயனர் போட்டார் என்று பார்த்துச் சொல்ல ஒரு பொருத்தப் பட்டியல் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சாவி, அதற்கு எதிரே பயனர் எண் என்று ரெடிஸில் போட்டுப் பார்த்தார்கள். பத்து லட்சம் சாவிக்கு 70 எம்பி பிடித்தது. 300 மடங்கு போட்டால் 21 ஜிபி. வாடகைக்கு எடுக்க நினைத்த 17 ஜிபி சர்வரில் அது அடங்காது.

நோர்ட்ஹஸிடம் கேட்டார்கள். தனிச் சாவிகளாக வைக்காதீர்கள், ஆயிரம் ஆயிரமாகக் கட்டி ஹேஷ் என்ற வகையில், அதாவது ஒரே சாவிக்குள் பல ஜோடிகளை வைக்கும் வகையில், வையுங்கள் என்றார் அவர். படத்தின் எண் 1155315 என்றால் ஆயிரத்தால் வகுத்து 1155 என்ற கட்டுக்குள் போய், அங்கே 1155315க்கு எதிரே பயனர் எண்ணைப் பார்க்க வேண்டும். சிறிய ஹேஷ்களை ரெடிஸ் உள்ளுக்குள் நெருக்கி அடுக்கி வைக்கும், ஒவ்வொரு சாவிக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டிய சுங்கம் அங்கே இல்லை. திரும்ப அளந்தால் பத்து லட்சத்துக்கு 16 எம்பி. மொத்தம் 5 ஜிபிக்குள் முடிந்தது.

இதில் யாருக்கு என்ன போயிற்று என்று பாருங்கள். நோர்ட்ஹஸின் சம்பளம் விஎம்வேரிடமிருந்து, ஆலோசனை இன்ஸ்டாகிராமுக்கு, பில் எதுவும் போகவில்லை. இன்ஸ்டாகிராம் அதை வாயை மூடிக்கொண்டு வைத்திருக்கலாம், போட்டியாளருக்கு ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் கணக்கோடு எழுதி வெளியிட்டார்கள். அந்தக் கட்டும் உத்தி ரெடிஸ் படிப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ளும் அரிச்சுவடியாகிவிட்டது, ரெடிஸின் சொந்த ஆவணத்திலும் இதே மாதிரி உத்தி விளக்கப்பட்டிருக்கிறது. அடுத்த வருடம் ஃபேஸ்புக் நூறு கோடி டாலருக்கு இன்ஸ்டாகிராமை வாங்குவதாக அறிவித்தபோது அங்கே 13 பேர்தான் வேலை பார்த்தார்கள். அந்த 13 பேரால் அவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்க முடிந்ததற்குப் பின்னால், அவர்கள் சம்பளப் பட்டியலில் இல்லாத எத்தனையோ பேர் இருந்தார்கள். நோர்ட்ஹஸ் அதில் ஒருவர்.

பழுதான நினைவகம்

எதிர்த் திசையில், பயன்படுத்தியவர்களிடமிருந்து திட்டத்துக்குப் போன ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பங்களிப்பு என்று யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ரெடிஸ் எங்காவது விழுந்தால், விழும் முன் நீளமாக ஒரு அறிக்கை எழுதிவிட்டுத்தான் விழும்: எந்த ஃபங்ஷனில் இருந்தேன், ப்ராசசரின் பதிவேடுகளில் என்ன இருந்தது, ரெடிஸோடு இணைந்திருந்த எந்த வாடிக்கை நிரல் என்ன கட்டளை போட்டது என்று. அந்த அறிக்கைகள் எங்கெங்கோ இருந்து வந்து குவிந்தன. படித்துக்கொண்டே போனபோது சில விழுதல்களுக்கு நிரலில் காரணமே கிடைக்கவில்லை, ஒரு தடவை வந்தது மறு தடவை வரவில்லை. கடைசியில் பார்த்தால் அவற்றில் கணிசமானவை சர்வரில் இருந்த நினைவக சில்லு பழுதானதால் வந்தவை. சான்ஃபிலிப்போ என்ன செய்தார் என்றால், நினைவகத்தைச் சோதிக்கும் வசதியை ரெடிஸுக்குள்ளேயே வைத்துவிட்டார். விழும் நேரத்தில் அதுவே ஒரு சோதனை ஓட்டி, தப்பு என் மேலா, மெஷின் மேலா என்று முதல் தடயத்தைக் கொடுத்துவிடும்.

ஒரு தனி மனிதரிடமோ, ஒரு நிறுவனத்திடமோ இவ்வளவு விதவிதமான கெட்டுப்போன மெஷின்கள் ஒருபோதும் இருக்காது. ஆயிரக்கணக்கான சின்னக் கம்பெனிகள், மலிவான சர்வர்களில், ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்த ரெடிஸின் அறிக்கையை எரிச்சலோடு வெட்டி ஒட்டி அனுப்பியதில் வந்த அறிவு அது. ஒரு வரி நிரல்கூட எழுதாத தொழில்முனைவோர் கொடுத்த கொடை என்று இதைத்தான் சொல்வேன். நானும் அனுப்பியிருக்கிறேன். தப்பு என் பக்கம்தான் என்று இரண்டே வரியில் மரியாதையாகப் பதில் வந்தது, வெட்கமாகிவிட்டது, விடுங்கள்.

சைட்கிக் என்று ஒன்று, மைக் பெர்ஹாம் 2012இல் வெளியிட்டது. ரெடிஸை நம்பி ஓடும் பின்னணி வேலைக் கருவி. அடிப்படைப் பதிப்பு கட்டற்ற உரிமத்தில், கூடுதல் வசதிகள் உள்ள பதிப்புக்குக் கட்டணம். ஒரே ஆளாகப் பல வருடம் நடத்தினார். முதலீட்டாளர் இல்லை, விற்பனைக் குழு இல்லை. கீழே ரெடிஸ் இலவசமாகவும் நிலையாகவும் இருந்ததால் அவருக்குத் தொழில் கிடைத்தது, அவர் கருவியை நிறுவிய ஒவ்வொருவரும் கூடவே ஒரு ரெடிஸையும் நிறுவினார்கள். இந்த ஆய்வில் யாரும் யாரையும் குறை சொல்லாத உறவு இது ஒன்றுதான், அதனாலேயே எழுதவும் அதிகம் இல்லை.

பெயர் யாருடையது?

2011இல் ஓஃபர் பெங்கால், யிஃப்தாக் ஷூல்மன் இருவரும் கரான்டியா டேட்டா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ரெடிஸை நீங்கள் பராமரிக்க வேண்டாம், நாங்கள் ஓட்டித் தருகிறோம் என்பது தொழில். நேர்மையான தொழில்தான். 2013இல் நிறுவனத்தின் பெயரை ரெடிஸ்டிபி என்று மாற்றப் பார்த்தார்கள், திட்டமும் நிறுவனமும் ஒன்றே என்று ஆட்கள் நினைத்துவிடுவார்கள் என்று சான்ஃபிலிப்போ ஆட்சேபித்தார், கைவிட்டார்கள். 2014இல் ரெடிஸ் லேப்ஸ் ஆனது. 2015இல் சான்ஃபிலிப்போ அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். 2020இல் அவர் பராமரிப்பிலிருந்து விலகினார். 2021இல் நிறுவனம் லேப்ஸ் என்பதை எடுத்துவிட்டு வெறும் ரெடிஸ் ஆனது. எட்டு வருடம் முன் கூடாது என்று சொன்னது, மெதுவாக, ஒவ்வொரு படியும் நியாயமாகத் தோன்றும்படி நடந்து முடிந்தது.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு வலி இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 2013இல் அமேசான், வாடகைக்கு ஓட்டித் தரும் தன் எலாஸ்டிகேஷ் சேவையில் ரெடிஸைச் சேர்த்தது. உரிமம் அனுமதித்ததைத்தான் செய்தது. ஆனால் மூல ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கும் சின்ன நிறுவனமும், அதே பொருளைத் தன் மெஷின்களோடு சேர்த்து விற்கும் பெரிய கிளவுடும், அதாவது சர்வர்களை வாடகைக்கு விடும் நிறுவனமும், ஒரே சந்தையில் நின்றால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். 2018இல் ரெடிஸ் லேப்ஸ் தன் சொந்த மாட்யூல்களின் (ரெடிஸோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) உரிமத்தை மட்டும் இறுக்கியது. டெபியன், ஃபெடோரா என்ற லினக்ஸ் பதிப்புகளின் பராமரிப்பாளர்கள் சிலர் உடனே அந்த மாட்யூல்களின் பழைய உரிமப் பதிப்பிலிருந்து கிளை பிரித்தார்கள், அதாவது அதே நிரலை எடுத்துத் தனித் திட்டமாக நடத்த ஆரம்பித்தார்கள். மையமான ரெடிஸ் பிஎஸ்டியாகவே இருக்கும் என்று அப்போது தெளிவாக உறுதி சொல்லப்பட்டது.

அந்த உறுதி 2024 மார்ச் 20 வரை நின்றது. 7.4 பதிப்பிலிருந்து பிஎஸ்டி கிடையாது, இரண்டு புதிய உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் அறிவித்தது. இரண்டுமே ஓப்பன் சோர்ஸ் வரையறைக்குள் வராதவை, இரண்டின் குறியும் பெரிய கிளவுட்கள்தான்.

சட்டப்படி அதற்கு உரிமை இருந்தது. எடுத்து மூடிக்கொள்ளவும் பிஎஸ்டி இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தச் சமயத்தில் நிரலை எழுதிக்கொண்டிருந்தது யார்? 7.0க்குப் பின் வந்த கமிட்களில், அதாவது நிரலில் பதிவான மாற்றங்களில், ஏறக்குறைய கால் பங்கு சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரே பங்களிப்பாளருடையது. அலிபாபா, ஹுவாவே, அமேசான் ஆட்களின் கையும் அதில் இருந்தது. ஐந்து பேர் கொண்ட மையக் குழுவிலேயே அமேசானிலிருந்து ஒருவர், அலிபாபாவிலிருந்து ஒருவர். எடுப்பதை மட்டும் செய்கிறார்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட அதே கிளவுட் நிறுவனங்களின் ஆட்கள் ராத்திரி பகலாகப் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதலாளியும் ஊழியரும் ஒரே ஆள் இல்லை என்பதை இந்தச் சண்டையில் பலரும் மறந்துவிட்டார்கள், நான் உட்பட.

எட்டு நாள்

அமேசானில் இருந்த மேடலின் ஓல்சன் பிஎஸ்டி உரிமத்தில் இருந்த கடைசி நிரலை எடுத்துக் கிளை பிரித்தார். பெயர் வைக்கக்கூட நேரமில்லை, ப்ளேஸ்ஹோல்டர்கேவி என்று, அதாவது இடத்தைப் பிடித்து வைக்கத் துண்டு போட்ட மாதிரி ஒரு பெயர். மார்ச் 28இல், பல ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு இடம் கொடுக்கும் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அதை வால்கீ என்ற பெயரில் தன் கீழ் அறிவித்தது. அமேசான், கூகுள், ஆரக்கிள், எரிக்சன், ஸ்னாப் ஆதரவு. அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் நடுவில் எட்டு நாள்.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது என்றால், நிரலை அறிந்தவர்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். மதிப்பு இருந்தது நிரல் வைத்திருக்கும் களஞ்சியத்தில் அல்ல, ஒருவர் பேட்சை இன்னொருவர் வருடக்கணக்காகப் படித்துத் திருத்திய பழக்கத்தில். நிறுவனம் பெயரையும் களஞ்சியத்தையும் வைத்துக்கொண்டது, பழக்கம் நடந்து வெளியே போய்விட்டது. அதே வருடம் செப்டம்பரில் வால்கீ 8.0 வந்தது, உள்ளீட்டு வெளியீட்டு வேலையைப் பல இழைகளுக்கு, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைப் பிரிவுகளுக்கு, பிரித்துக் கொடுத்து, ஒரே சர்வரில் நொடிக்குப் பத்து லட்சம் கோரிக்கைக்கு மேல் என்ற கணக்கோடு. அக்டோபரில் அமேசான் தன் சேவையில் வால்கீயைச் சேர்த்து, ரெடிஸை விட 20 முதல் 33 சதவீதம் குறைந்த விலை வைத்தது. பெரிய கிளவுட்களைக் கட்டுப்படுத்தப் போட்ட வேலி, அவர்களுக்குச் சொந்தமாக ஒரு தோட்டம் போட்டுக்கொள்ளக் காரணமாயிற்று.

2024 டிசம்பரில் சான்ஃபிலிப்போ நிறுவனத்துக்குத் திரும்பினார். 2025 மே 1இல் ரெடிஸ் 8 வந்தபோது ஏஜிபிஎல் உரிமமும் (நிரலை மாற்றிச் சேவையாக ஓட்டினால் அந்த மாற்றத்தையும் திறந்து வைக்க வேண்டும் என்கிற ரகம்) மூன்றாவது வாய்ப்பாகச் சேர்ந்தது, அதாவது முறைப்படி மறுபடியும் ஓப்பன் சோர்ஸ். அதற்காக உள்ளே பேசியவர்களில் அவரும் ஒருவர். நிறுவனத் தலைவர் வெளிப்படையாகவே எழுதினார்: பெரிய கிளவுட்கள் தங்கள் கிளையைத் தாங்களே பராமரிக்க வேண்டிவந்ததால் நினைத்தது நடந்தது, ஆனால் சமூகத்தோடு இருந்த உறவு காயப்பட்டது.

என் கணிப்பு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்: இந்தப் பதினாறு வருடத்தில் இரு தரப்பையும் ஒழுங்காக நடக்க வைத்தது நல்ல மனசு இல்லை, கிளம்பிப் போய்விடலாம் என்ற வசதி. இன்ஸ்டாகிராம் ரகசியத்தைச் சொன்னதும், பெயர் மாற்றம் 2013இல் நின்றதும், உரிமம் 2025இல் திரும்பியதும் எதிரே இருப்பவர் பையைத் தூக்கிக்கொண்டு போகக்கூடியவர் என்ற சூழலில் நடந்தவை. கிளை பிரிவதைக் குடும்பம் உடைந்ததாகச் சிலர் சோகமாக எழுதுகிறார்கள். எனக்கு அது அடமானச் சொத்து மாதிரி தெரிகிறது, மீட்க வேண்டிய நாள் வரும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தொழில் தொடங்குபவர் ஒரு திட்டத்தை நம்பும் முன் கிட்ஹப்பில் அதற்கு விழுந்த நட்சத்திர எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, கடந்த ஒரு வருடத்து கமிட்களை எத்தனை முதலாளிகளின் ஆட்கள் போட்டார்கள் என்று பார்ப்பது உத்தமம். கிட் லாகில், அதாவது நிரலின் மாற்றங்கள் பதிவாகும் பட்டியலில், பத்து நிமிட வேலை.

இப்போது நிலைமை கொஞ்சம் கோணலாக நிற்கிறது. வால்கீ பிஎஸ்டியில் இருப்பதால் அங்கே எழுதும் நல்ல விஷயத்தை ரெடிஸ் எடுத்துக்கொள்ளலாம், ரெடிஸ் ஏஜிபிஎல்லில் எழுதுவதை வால்கீ தன் பிஎஸ்டிக்குள் கொண்டுவர முடியாது. வால்வு ஒரு பக்கம் மட்டும் திறக்கிறது. பழைய நிரலில் ஒளிந்திருக்கும் ஒரு பிழையைக் கண்டுபிடிப்பவர் இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும், பலர் ஒரு இடத்தில் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறார்கள்.

நாங்கள் வேலை பார்க்கும் இடத்தில் வால்கீக்கு மாறினோம். ஒரு மதியம்தான் ஆனது. சேவையைப் பொதிந்து ஓட்டும் கன்டெய்னரின் பெயரை மாற்றினோம், வாடிக்கை நிரலில் ஒரு வரிகூடத் தொடவில்லை, இணைப்புக்கான போர்ட் எண்ணும் அதே 6379. பழைய செல்போன் பொத்தான்களில் எம், இ, ஆர், இசட் என்று அழுத்தினால் வரும் எண் அது, ஒரு இத்தாலிய டிவி பிரபலத்தின் பெயர். சான்ஃபிலிப்போவின் நண்பர் வட்டத்தில் அந்தப் பெயரை வைத்து ஒரு கேலி இருந்ததாம், அதை நினைத்து வைத்த எண். கிளை பிரித்தவர்கள் பெயர், லோகோ, ஆவணம் எல்லாவற்றையும் மாற்றினார்கள், இதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். மாற்றினால் எல்லோருடைய இணைப்பும் அறுந்துவிடும்.